ஞானசௌந்தரி நாடகமும் நம் திருவிழா மேடையும்



கொடியேற்றம், நவநாள், திருப்பலி, சப்பரப் பவனி, அன்னதானம் என்று வரிசையாக அச்சாகும் நம் பங்குத் திருவிழா நோட்டீசின் கடைசியில் இரவு நிகழ்ச்சிக்கென்று ஒரு வரி வரும். இன்று அந்த வரியில் பெரும்பாலும் இன்னிசைக் கச்சேரி இருக்கும், அல்லது ஆடல் பாடல் இருக்கும். இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு திண்டுக்கல் சமவெளியில், மதுரைப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம் எங்கு பார்த்தாலும் அந்த வரியில் இருந்தது நாடகம். இந்துக்களின் கோவில் திருவிழா என்றால் வள்ளி திருமணம், அரிச்சந்திரா, பவளக்கொடி. கத்தோலிக்க ஊர் என்றால் பல வேளைகளில் ஞானசௌந்தரி.

ஞானசௌந்தரி என்ற பெயரைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பழைய திரைப்படம் நினைவுக்கு வரும். சிட்டாடல் நிறுவனம் எடுத்து 1948-ல் வெளிவந்த படம் அது. எஃப். நாகூர் இயக்கினார், எம். வி. ராஜம்மாவும் டி. ஆர். மகாலிங்கமும் நடித்தார்கள். அதே ஆண்டில் சில வாரங்கள் கழித்து ஜெமினியின் எஸ். எஸ். வாசனும் இதே கதையைப் படமாக்கி வெளியிட்டார். மக்கள் முதல் படத்தின் பக்கமே நின்றார்கள். சிட்டாடல் படத்தில் தேவமாதாவை நோக்கிப் பாடும் பாட்டு சிறுமிக் குரலில் ஜிக்கியிடம் தொடங்கி, பெண் வளர்ந்ததும் பி. ஏ. பெரியநாயகியின் குரலில் தொடரும். அந்தப் பாட்டு படத்தை விட்டு வெளியே வந்து நம் வீட்டு இரவுச் செபத்திலும் ஆலயத்திலும் இடம் பிடித்துக்கொண்டது. இன்றும் மாதா திருவிழாக்களில் ஒலிபெருக்கியில் அதைக் கேட்கிறோம். ஆனால் படத்துக்கு முன்பே கதை மேடையில் இருந்தது. 1935-லும் ஒருமுறை படமாகியிருந்தது. படம் எடுத்தவர்கள் அந்தக் கதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, அதன் பேரை மக்கள் நாடகக் கொட்டகையில் ஏற்கெனவே அறிந்திருந்ததுதான்.

கதை இதுதான். தர்மர் என்ற அரசருக்கு மூத்த தாரத்து மகள் ஞானசௌந்தரி. மாதாவின் மேல் அளவில்லாத பக்தி உடையவள். மாற்றாந்தாய் லேனாளுக்கு அவளைக் கண்டால் ஆகாது. காட்டுக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிடும்படி ஆள் அனுப்புகிறாள். போனவர்கள் உயிரை விட்டுவிட்டுக் கைகள் இரண்டையும் வெட்டிவிடுகிறார்கள். காட்டில் அவளைக் கண்ட இளவரசன் பிலேந்திரன் அவளை மணந்துகொள்கிறான். அவன் போருக்குப் போயிருக்கும்போது அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. போய்ச் சேர வேண்டிய கடிதம் வழியில் மாற்றப்பட்டு, பொய்க் கடிதம் ஒன்று வந்து சேர்கிறது. கையில்லாத தாய் இரண்டு பச்சைக் குழந்தைகளோடு மறுபடியும் காட்டுக்கு விரட்டப்படுகிறாள். அங்கே மாதா தோன்றிக் கைகளைத் திரும்பக் கொடுக்கிறார். கணவனும் மனைவியும் சேர்கிறார்கள். மேடைக்கு மேடை, பாடத்துக்குப் பாடம் சிறு சிறு மாற்றங்கள் உண்டு. ஆனால் இந்த எலும்புக்கூடு மாறுவதில்லை.

இது விவிலியத்தில் உள்ள கதை அல்ல, எந்தப் புனிதையின் வரலாறும் அல்ல. இதை நம்மில் பலர் அறிவதில்லை. புனித ஞானசௌந்தரி என்று நாட்காட்டியில் தேடினால் கிடைக்காது. கையிழந்த பெண்ணின் கதை ஐரோப்பா முழுவதும் வழங்கிய ஒரு நாட்டார் கதை. 13-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் நெடுங்கவிதையாக எழுதப்பட்டிருக்கிறது. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட கதைத் தொகுப்பிலும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று புலப்படும். கிரிம் கதையில் மகளின் கையை வெட்டுபவன் பெற்ற தகப்பன். சாத்தானோடு செய்த பேரத்துக்காக வெட்டுகிறான். பிரெஞ்சுக் கவிதையிலும் கேடு வருவது தகப்பனிடமிருந்துதான். தமிழில் அந்தப் பழி சித்தியின் மேல் போய்விட்டது. தகப்பனுக்கு அறத்தின் பெயரையே சூட்டி, மகளுக்கு நடப்பது எதுவும் தெரியாத நல்ல மனிதனாக ஆக்கிவிட்டார்கள். மேடையில் நல்ல நடிகர் அமைந்தால், தெரியாமல் இருந்ததே பெரிய குற்றம் என்பதை அந்தத் தகப்பன் கடைசிக் காட்சியில் அழுது காட்டிவிடுவார்.

பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் இந்தக் கதைக்கு அழுவதன் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புகுந்த வீட்டில் கடிதம் ஒன்றின் பேரில், சொல் ஒன்றின் பேரில் கைக்குழந்தையோடு வெளியே தள்ளப்பட்டவர்கள் நம் பங்குகளில் இல்லையா? அவர்களும் அந்தப் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி நாடகத்தின் வடிவத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் தெற்கே வந்தன. வண்ணம் தீட்டிய திரைச்சீலைகள், ஆர்மோனியம், வரிசையாகப் பாட்டுகள் என்று அவர்கள் காட்டிய முறை தமிழ்நாட்டில் பற்றிக்கொண்டது. அதைத் தமிழ் மரபோடு இணைத்து ஒழுங்குபடுத்தியவர் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என அவர் எழுதிய நாடகங்களின் பாட்டுகளும் வசனங்களுமே நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் மேடையில் ஒலிக்கின்றன. 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்கள் தங்கியிருந்து பாடம் கற்றார்கள். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். சுவாமிகள் 1922-ல் புதுச்சேரியில் காலமானார். அவருக்குப் பின் வந்த நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை தம் மதுரை தேவி பால வினோத சங்கீத சபையின் மூலம் இயேசுநாதர் வரலாற்றையே நாடகமாக நடத்திக் காட்டினார். ஆண்டவருடைய பாடுகளை ஓர் இந்துவின் நாடகக் குழு ஊர் ஊராகக் கொண்டுபோன காலம் அது.

சபைகள் நாளடைவில் கலைந்தன. சினிமா அவர்களில் பலரை இழுத்துக்கொண்டது. மிஞ்சியது ஸ்பெஷல் நாடகம். இதன் நடைமுறையை அறியாதவர்கள் கேட்டால் நம்பமாட்டார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் குழு என்பது இல்லை. இயக்குநர் இல்லை. ஒத்திகை இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு எனப்படும் பக்க வாத்தியம் என ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்படுகிறார்கள். அன்று இரவு மேடைக்குப் பின்னால் முகத்துக்கு அரிதாரம் பூசும்போதுதான் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கதையும், பாட்டு வரிசையும், எந்த இடத்தில் யார் எதிர்ப்பாட்டு எடுக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் மனப்பாடம். ராஜபார்ட் எந்தக் கட்டையில் பாடுவார், ஸ்திரீபார்ட்டின் குரல் எங்கே ஏறும் என்பதை முதல் பாட்டிலேயே பிடித்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவே பாலம் போடுபவர் ஆர்மோனியக்காரர். உண்மையில் அன்றைய இரவை நடத்துபவர் அவர்தான். இத்தகைய கலைஞர்களுக்கு மதுரையில் சங்கம் உண்டு. அதுபோலவே திண்டுக்கல், புதுக்கோட்டை முதலிய ஊர்களிலும் சங்கங்கள் உருவாயின. தேதி பேசுவது அங்கேதான். ஒவ்வொரு கலைஞரின் நிழற்படத்தையும், அவர் ஏற்கும் வேடத்தையும், அவருக்குக் கிடைத்த பட்டங்களையும் போட்டு அச்சிட்ட நாடக நோட்டீஸ் நம் டீக்கடைச் சுவர்களில் இன்றும் ஒட்டப்படுகிறது.

ஊர் மக்களே நடிக்கும் நாடகம் வேறு வகை. தவக்காலத்தில் நடக்கும் பாஸ்கா அப்படிப்பட்டது. திண்டுக்கல் மேட்டுப்பட்டி வியாகுல அன்னை ஆலயத்தின் பாஸ்குத் திருவிழாவை நம் வாசகர்கள் அறிவார்கள். உலக அளவில் இதற்குப் பெயர் பெற்றது ஜெர்மனியின் ஓபர்அமர்காவ். 1633-ல் கொள்ளைநோயின்போது செய்த நேர்ச்சைக்காக 1634 முதல் நடக்கிறது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஊரே திரண்டு நடிக்கும். அந்த ஊரில் பிறந்தவர்களோ இருபது ஆண்டு குடியிருந்தவர்களோதான் மேடை ஏறலாம். 2020-ல் நடக்க வேண்டியது, கொள்ளைநோய்க்கு நன்றியாகத் தொடங்கிய அந்த நாடகமே, கொள்ளைநோயால் தள்ளிப்போய் 2022-ல் நடந்தது. ஆனால் ஞானசௌந்தரியைப் பொதுவாக நம் ஊர்க்காரர்கள் நடிப்பதைவிட, ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் வந்து நடிப்பதே வழக்கமாக இருந்திருக்கிறது. பாட்டுதான் காரணம். விடிய விடியக் கணீரென்று பாடும் தொண்டை ஒரு மாதப் பயிற்சியில் வராது.

அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். முந்தின இரவு வேறோர் ஊரில் வள்ளியாக நின்றவர், மறு இரவு நம் ஆலயத் திடலில் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மாதாவை அழைத்துப் பாடுவார். இந்த வேடத்தின் கடினத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். இசை நாடக நடிப்பில் பாதி கையில்தான் இருக்கிறது. கையை நீட்டிப் பாடுவதும், மார்பில் அடித்துக்கொள்வதும், பிள்ளையை அணைப்பதும் கையால்தான். ஞானசௌந்தரியாக வருபவருக்கு நாடகத்தின் பெரும்பகுதியில் அந்தக் கை இல்லை. குரலையும் முகத்தையும் வைத்தே ஆயிரம் பேரை உட்கார வைக்க வேண்டும். பிள்ளை தரையில் கிடந்து அழுகிறது, தாயால் எடுக்க முடியவில்லை. ஐரோப்பாவின் வாய்மொழி வடிவங்கள் சிலவற்றில் குழந்தை தண்ணீரில் விழுந்துவிடுகிறது. இல்லாத கையை நீட்டுகிறாள், நீட்டும்போதே கை வளர்கிறது. மேடையில் அந்த நேரம் விளக்கு அணைந்து எரியும், ஆர்மோனியம் உச்சத்துக்கு ஏறும். தந்திரம் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் எழுந்து நின்று கும்பிடுகிறவர்களைத் தடுக்க முடியாது.

இத்தனை இருந்தும் இது ஏன் நம் நோட்டீசிலிருந்து மறைகிறது? குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை என்பதுதான் பங்குப் பேரவைக் கூட்டங்களில் எழும் முதல் ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்தின் இரவு ஏறத்தாழ 10 மணிக்குத் தொடங்கும். முதலில் பபூன் வந்து தனியாகப் பேசுவார். பிறகு பபூனும் டான்ஸ் ஆடும் பெண்ணும் சேர்ந்து ஆடிப் பாடி வாதாடுவார்கள். இரட்டை அர்த்தம் புரளும் பகுதி அதுதான். கதை தொடங்குவது நள்ளிரவு நெருங்கும்போது. ஆக, பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் அவர்கள் பார்ப்பது பபூனும் டான்சும். ஞானசௌந்தரி மேடைக்கு வரும்போது அவர்கள் அம்மா மடியில் உறங்கிவிடுகிறார்கள். நாடகம் கெட்டது என்று நாம் முடிவுகட்டியது இந்த முதல் இரண்டு மணி நேரத்தை வைத்துத்தான். பபூன் கலையை நாம் குறைவாகச் சொல்லவில்லை. ஊர் நடப்பை அவ்வளவு கூர்மையாகக் கிண்டல் செய்ய வேறு யாராலும் முடியாது. எந்த நேரத்தில் எதை வைப்பது என்பதே கேள்வி. ஆனால் நாடகம் குடும்பத்துக்கு ஆகாது என்று விலக்கிவிட்டு அந்த இடத்தில் ஆடல் பாடல் நிகழ்ச்சியை வைத்ததை என்னவென்று சொல்வது! அதற்கு அனுமதி கேட்டும் எதிர்த்தும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் எத்தனை வழக்குகள் நடந்தன என்பதை நாம் செய்தித்தாளில் படித்திருக்கிறோம்.

இரண்டாவது காரணம் நேரம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, திருவிழா நாட்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். விடிய விடிய நடப்பதற்கென்றே அமைந்த கலைக்கு இது இடுக்கண்தான். மூன்றாவது காரணம், இளையோர் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய், திருவிழாவுக்கு இரண்டு நாள் மட்டும் வருகிறார்கள். அவர்கள் வரி கொடுப்பவர்கள், அவர்கள் கேட்பது கச்சேரி. இதில் அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், நாடகத்தை அவர்களுக்கு யார் காட்டினார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று இருக்கிறது. அது நம் மனத்தில் இருக்கிறது. கூத்தாடி என்பது நம் ஊர்களில் வசைச்சொல். மேடையில் மாதாவின் மகளாக வந்தவருக்குக் கைகூப்புகிறோம். விடிந்ததும் அவர் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது நம் பார்வை வேறு. மேடையில் ஆடும் பெண்ணுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்குகிறோம், அவர் பிள்ளைக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறோம். திருச்சபைக்கும் இதில் பழைய கணக்கு உண்டு. பிரான்சில் நடிகர்கள் தொழிலைக் கைவிடுவதாக அறிக்கையிடாமல் இறந்தால் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்பட்டது. 1673-ல் இறந்த மோலியேர், அரசர் தலையிட்ட பிறகு இரவில்தான் புதைக்கப்பட்டார். அதே திருச்சபையில், நாசிகள் போலந்தை ஆண்டபோது 1941-ல் கிராக்கோவில் வீடுகளுக்குள் ஒளிந்து நாடகம் போட்ட இளைஞர் ஒருவர் பின்னாளில் திருத்தந்தை ஆனார். திரைச்சீலையும் மேடைப் பொருட்களும் இல்லாமல் சொல்லையே நம்பி நடந்த நாடகம் அது. அவர்தான் புனித இரண்டாம் யோவான் பவுல். 1999-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா அன்று கலைஞர்களுக்கென்றே தனியாக ஒரு மடல் எழுதினார்.

நாடகக்காரரின் ஆண்டு, மாசி பங்குனியில் தொடங்கி ஆடியில் முடியும் சில மாதங்கள்தான். மற்ற மாதங்களில் கடன் வாங்கி, இந்த மாதங்களில் அடைப்பார்கள். 2020 மார்ச் 24-ஆம் நாள் அறிவித்த ஊரடங்கு சரியாக அந்தப் பருவத்தின் வாசலில் வந்து விழுந்தது. 2021-ல் இரண்டாவது அலையும் அதே மாதங்களில் வந்தது. முன்பணம் வாங்கிய தேதிகளெல்லாம் போயின. கிரீடத்தையும் ஆர்மோனியத்தையும் மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போனவர்கள் உண்டு. அவர்களில் எல்லோரும் திரும்பி வரவில்லை.

எனவே, நாடகத்தை மறுபடி அழைக்க நினைக்கும் பங்குகள் சிலவற்றைக் கவனிக்கலாம். மாலைத் திருப்பலி முடிந்து, தேர்ப்பவனி இல்லாத ஒரு நாளில், 7 மணிக்கே நாடகத்தைத் தொடங்கினால் 10 மணிக்குள் முடிக்கலாம். மூன்று மணி நேரத்தில் ஞானசௌந்தரி அடங்குமா என்றால், பாட்டைக் குறைக்காமல் தர்க்கங்களைச் சுருக்கினால் அடங்கும். எதை விடலாம் என்பதை ஆர்மோனியக்காரரிடம் கேட்பதே முறை. பேரவைச் செயலர் பேனாவை எடுக்க வேண்டாம். பபூன் கட்டாயம் இருக்கட்டும், ஆனால் கதைக்கு நடுவே வரட்டும். முன்னால் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை அமர்த்தும்போதே சொல்லிவிட வேண்டும். மேடை ஏறிய பிறகு கீழிருந்து கத்துவதும் சீட்டு எழுதி அனுப்புவதும் கலைஞரை அவமதிப்பதாகும். பெண் கலைஞர்கள் உடை மாற்றக் கதவுள்ள ஓர் அறை, பள்ளி வகுப்பறையாக இருந்தாலும் போதும், கழிப்பறை வசதியோடு தர வேண்டும். தட்டியை மறைத்துக் கட்டிவிட்டு அதன் ஓட்டை வழியே இளைஞர்கள் எட்டிப் பார்ப்பதைச் சிரித்துக்கொண்டு விட்டுவிடும் வழக்கம் சில ஊர்களில் இருந்தது. சாப்பாடு நாடகத்துக்கு முன்பே, அன்னதானப் பந்தியில் விருந்தினரோடு உட்கார வைத்து. முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவில் சாதி மதம் பாராமல் ஆயிரக்கணக்கானோர்க்குக் கறி விருந்து படைக்கும் திண்டுக்கல்லில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு முந்தின ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கதையைச் சொல்லிவிடலாம். இது கட்டுக்கதை, விவிலியம் அல்ல என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சித்தி என்றால் கொடியவள் என்று வகுப்பில் உள்ள ஒரு பிள்ளைகூட எண்ணிவிடக் கூடாது, ஏனென்றால் சித்தி வளர்க்கும் பிள்ளைகளும் அதே வகுப்பில் இருக்கிறார்கள்.

தேதியைப் பற்றி ஒரு சொல். வள்ளி திருமணத்தைப் போல ஞானசௌந்தரி அடிக்கடி மேடை ஏறுவதில்லை. அதனால் அந்தப் பாட்டுகளை முழுதாகப் பாடத் தெரிந்த ஸ்திரீபார்ட் எல்லா நாளும் கிடைக்கமாட்டார். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்பே சங்கத்துக்கு ஆள் அனுப்பி, யார் பாடுவார், அவர் எந்த இரவு ஓய்வாக இருக்கிறார் என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு நம் நாளைக் குறிப்பது நல்லது.